ஜெயபாலன் அண்ணனின் பாதங்கள்

ஒரு காலில் சிலிப்பர், இன்னொரு காலில் வெறும் பாதம். அப்படியே ஜெயபாலன் அண்ணன் மூலைக் கடையிலிருந்து தன் வீட்டு கேட் வரைக்கும் நடந்து வந்தார். கையில் ரொட்டிப் பொட்டலம். கழன்று விழுந்த சிலிப்பர் பின்னால் சாலை நடுவில் கிடந்தது. உச்சி வெயிலில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. நான் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னாண்ணே, ஒரு சிலிப்பர ரோட்டுக்குத் தானம் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

அவர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். ரத்தமெல்லாம் வடிந்துபோனதைப் போல வெளுத்திருந்தது. அப்புறம் அவரும் சிரித்தார்.

"வயசாயிருச்சு லா, பிரேமலா" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் போய் சிலிப்பரை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. ஏப்ரல் மாதக் கடைசி அது. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது.

உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பில் அவரைத் தெரியாத வீடு கிடையாது. பதினெட்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டினவர். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து லோரியில் ஸ்டியரிங் பிடித்துப் பழகி, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தவர். வேனில் பிள்ளைகள் ஏறி முடித்ததும் தலைகளை எண்ணுவார். 'சத்து, டூவா, தீகா' என்று மலாயில்தான் எண்ணுவார், அதுவும் பாட்டு மாதிரி. பதினொன்று வந்த பிறகுதான் வண்டி நகரும். சாயங்காலம் பிள்ளை வீட்டுக் கதவுக்குள் போகும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குத் திரும்புவார். என் மகள் திவாஷினி முதலாம் ஆண்டிலிருந்து அந்த வேனில்தான் போனாள்.

அவருக்குக் குடலில் கட்டி என்று தெரிந்தபோது தாமானே கலங்கிப்போனது. ஆபரேஷன் முடிந்து, ஜொகூர் பாரு மருத்துவமனையில் ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து ஏறிய நாட்களில் குளிர்ந்த எதையும் அவரால் தொட முடியாது. ஐஸ்பெட்டிக் கதவைத் திறந்து கையை விட்டால் விரல்களில் கரண்ட் அடித்தது போலிருக்குமாம். அவர் மனைவி சந்திரமதி அக்கா தண்ணீரைக்கூட வெதுவெதுப்பாக்கித்தான் கொடுப்பார். அந்த ஆறு மாதமும் அக்காவின் தம்பி செல்வாதான் வேனைப் பார்த்துக்கொண்டார். செல்வா ஆலை பஸ் ஓட்டுகிறவர். வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நடை, வந்த பிறகு ஒரு நடை.

சீனப் பெருநாளுக்குப் பிறகு, ஒரு திங்கட்கிழமை, ஜெயபாலன் அண்ணன் பழையபடி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். ஸ்கேனில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெற்றோர்கள் கேக் வாங்கிக் கொடுத்தோம். 'நல்லாயிட்டீங்க அண்ணே, நல்லாயிட்டீங்க' என்று ஆளாளுக்குச் சொன்னோம். அவர் நல்லாகிவிட வேண்டும் என்பதில் எங்கள் எல்லோருக்கும் ஓர் அவசரம் இருந்தது. என் கணவர் விடிவதற்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடுவார். எனக்கு ஏழரைக்கு தெப்ராவில் ஆலை அலுவலகம். வேன் இல்லையென்றால் என் நாள் நகராது.

அடுத்து நான் சொல்வது அவரும் அக்காவும் பின்னால் எனக்குச் சொன்னது.

மார்ச் மாதத்தில் கால் விரல்களில் ஆரம்பித்திருக்கிறது. விரலுக்கும் சாக்ஸுக்கும் நடுவில் ஒரு துணி மடிந்து கிடப்பது போல. சாக்ஸைக் கழற்றிப் பார்த்தால் துணி எதுவும் இருக்காது. ஏப்ரலில் அது உள்ளங்காலுக்கு வந்தது. குளியலறைத் தரை ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று தெரியவில்லை. மருந்து ஏற்றிய நாட்களில் வந்த தொல்லையெல்லாம் மருந்தோடு போய்விட்டது. இது மருந்தை நிறுத்திய பிறகு வருகிறது, வாரத்துக்கு வாரம் மேலே ஏறுகிறது. அதுதான் அவரை உலுக்கியது.

அவர் அதை யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் கனகராஜ்.

கனகராஜ் காஹாங்கில் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை லோரி ஓட்டினவர். அவருக்கு நுரையீரலில் நோய். மருந்து ஏற்றும் அறையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இரண்டு பேரும் டிரைவர்கள் என்பதால் ரோட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். இருவருக்கும் ஒரே வாரத்தில்தான் மருந்து முடிந்தது. ஏப்ரல் முதல் வாரம் கனகராஜ் போன் செய்தார்.

"பாலா, காலு ரெண்டும் ஒரு மாதிரியா இருக்குடா. பஞ்சு மேல நடக்குற மாதிரி."

"டாக்டர்ட்ட காட்டுனியா?"

"காட்டுனேன். நோய் முதுகெலும்புல எறங்கிருச்சாம்."

ஜெயபாலன் அண்ணனின் கையில் போன் அப்படியே இருந்திருக்கிறது. பஞ்சு மேல் நடக்கிற மாதிரி. முந்தின நாள் காலையில் குளியலறையில் நின்று அவரும் தனக்குத்தானே அதே வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம் பிறக்கும்போது கனகராஜ் இல்லை. துக்கத்துக்குக் காஹாங்குக்குப் போய், செம்பனை வரிசைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன வீட்டில் நின்றபோது, தன் காலுக்குக் கீழே மண் இருப்பதே தெரியவில்லை என்றார் அண்ணன். "நின்னுக்கிட்டு இருக்கேன்னு கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சிக்கிட்டேன்."

அதற்கு முன்பே, மே மாதத்தில், இரண்டு விஷயங்கள் நடந்தன.

ஒரு சனிக்கிழமை காலை. அக்கா பாசாரிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தார். வெள்ளை டைல்ஸ் தரையில் சிவப்புப் பாதத் தடங்கள். குளியலறையிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து ஹாலுக்கு. வலது காலின் தடம் மட்டும், ஒவ்வொன்றாக, ஒழுங்காக. அக்கா கையிலிருந்த கீரையைக் கீழே போட்டுவிட்டு அந்தத் தடத்தின் பின்னாலேயே நடந்தார். அது நாற்காலியில் போய் முடிந்தது. அண்ணன் அங்கே உட்கார்ந்து டீவி பார்த்தபடி பால் கலக்காத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்க கால்!"

குதிகாலில் கண்ணாடிச் சில் ஏறியிருந்தது. குளியலறையில் எப்போதோ உடைந்த ஒரு சீசாவின் துண்டு. கட்டை விரல் நகத்தளவு. அக்கா அதைப் பிடுங்கி எடுத்தபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை.

"வலிக்கலையா?"

"வலிக்குது, வலிக்குது" என்றார் அவர், கொஞ்சம் தாமதமாக.

அக்காவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அடுத்த வாரம் மூன்று மாதப் பரிசோதனை. "நீங்க சொல்லலனா நான் சொல்லுவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கூடவே போனார். ஆனால் அன்று மருத்துவமனையில் கூட்டம். அக்கா அவருடைய சுகர் மருந்துக்கு வரிசையில் நின்ற நேரத்தில் டாக்டர் இவர் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். தனியாக உள்ளே போனார். கை கால் மரத்துப்போகிறதா என்று டாக்டர் கேட்டாராம். வழக்கமாக எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அண்ணன் "இல்ல டாக்டர், எல்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"சொல்லியாச்சு. சத்து மாத்திரை குடுத்திருக்காங்க" என்று அக்காவிடம் பொய் சொன்னார்.

அக்கா நம்பினார். கண்ணாடி குத்தியதை நினைத்து, கனமான ரப்பர் அடி வைத்த ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்தார். மெல்லிய சிலிப்பரில் கொஞ்சமாவது தெரிந்த பெடல், அந்த ஷூவில் சுத்தமாகத் தெரியாமல் போனது.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் திவாஷினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அங்கிள் ஏன் பிரேக் போடுறப்பெல்லாம் கீழ குனிஞ்சு பாக்குறாரு?"

"சிலிப்பர் கழண்டிருக்கும்மா."

"இல்லம்மா. எப்பவுமே பாக்குறாரு. நாங்க பேசவும் கூடாதாம். எஞ்சின் சத்தம் கேக்கணுமாம். திவ்யன் சிரிச்சான்னு கத்திட்டாரு."

பாட்டு மாதிரி எண்ணுகிற மனிதர் பிள்ளைகளிடம் கத்தினார் என்றபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் மணி ஆறு இருபது. வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. நான் பின்னலை முடித்து, பையை மாட்டிவிட்டு, அவளை அனுப்பி வைத்தேன். இருட்டில் அந்த வேனின் சிவப்பு விளக்குகள் தெரு முனையில் ரொம்ப நேரம் எரிந்துகொண்டு நின்றது இப்போதும் நினைவிருக்கிறது. காலைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்.

ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலையிலிருந்து மழை. ஷூ நனைந்திருந்தது.

பள்ளிக்கூட கேட்டுக்குப் பெரிய சாலையிலிருந்து இறக்கமான பாதை. கேட்டின் ஓரத்தில் தகரக் கூரைக்குக் கீழே காவலாளி வேலு அண்ணனின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். காலை ஏழு மணிக்கு அவர் அதில்தான் உட்கார்ந்திருப்பார். அன்று ஒரு சின்னப் பெண்ணின் குடை காற்றில் மடங்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய எழுந்து இரண்டு எட்டு வைத்தார்.

ஜெயபாலன் அண்ணன் இறக்கத்தில் மெதுவாகத்தான் வந்தார். கண்ணாடியில் மழை வழிந்ததால் அன்று அவரால் குனிந்து பார்க்க முடியவில்லை. ரோட்டைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் காலைப் பார்க்க வேண்டும். ரோட்டைப் பார்த்தார். பிரேக் என்று நினைத்து மிதித்தார். வேன் முன்னால் பாய்ந்தது. நிற்கவில்லையே என்று இன்னும் அழுத்தினார். சிவப்பு நாற்காலி வேனுக்கடியில் போய் நொறுங்கியது. காவல் கூண்டின் சுவரில் இடித்துத்தான் வேன் நின்றது.

பிள்ளைகள் அலறினார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் அமைதியானார்கள். எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று அவருக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்தார். தன் வலது கால் இன்னும் வேகம் கூட்டும் எண்ணெய் பெடலை அழுத்திக்கொண்டிருந்தது. "வேற யாரோட காலோ மாதிரி இருந்திச்சு" என்றார் என்னிடம். கையால் சாவியைத் திருப்பி அணைத்தார். திரும்பி எண்ணத் தொடங்கினார். சத்து, டூவா, தீகா. பதினொன்று வரும் வரைக்கும் எண்ணினார்.

திவாஷினிக்கு உதடு கிழிந்திருந்தது. மற்றவர்களுக்கு வீக்கமும் பயமும்தான்.

நான் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தபோது அவர் மழையில் தரையில் உட்கார்ந்திருந்தார். வேலு அண்ணன் அந்தச் சின்னப் பெண்ணின் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். பெற்றோர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பழைய வண்டி, பிரேக் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். தலைமையாசிரியையும் அப்படித்தான் நினைத்தார். அண்ணன் பேசாமல் இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்றார் அவர். "என் காலுதான் செத்துப் போச்சு. நாலு மாசமா எனக்குப் பாதத்துல ஒண்ணுமே தெரியல."

வாசுகியின் இரண்டு மகன்களும் அந்த வேனில் இருந்தார்கள். அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"தெரிஞ்சேவா எங்க புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போனீங்க?"

"தெரிஞ்சேதான்மா."

போலீசில் புகார் எழுதியபோதும் அவர் அதையேதான் சொன்னார்.

நான் இரண்டு வாரம் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மகளின் உதட்டில் போட்டிருந்த தையலைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வரும். கூடவே ரோட்டில் கிடந்த அந்தச் சிலிப்பரும் ஞாபகத்துக்கு வரும். கொதிக்கிற தாரில் ஒரு மனிதர் வெறுங்காலோடு ஐம்பது தப்படி நடந்து வந்தார். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

விபத்து நடந்த வாரத்து வியாழக்கிழமையே செல்வா அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். இந்த முறை அக்கா கையை விடவில்லை. டாக்டர் சௌந்தர்யா இளம் வயதுக்காரர். அவர் அண்ணனின் ஷூவைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, ஒரு ஊசியாலும் அதிர்கிற இரும்புக் கம்பியாலும் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

"இப்ப தெரியுதா அங்கிள்?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

கணுக்காலுக்கு மேலே வந்த பிறகுதான் "தெரியுது" என்றார். கண்ணைத் திறந்தபோது அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"முதுகெலும்புதானே டாக்டர்? எறங்கிருச்சுதானே?" என்று கேட்டார் அண்ணன். அதோடு கனகராஜ் கதையைச் சொன்னார். முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னார்.

டாக்டர் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அவருக்கு வந்தது வேற, உங்களுக்கு வந்தது வேற. உங்களுக்கு ஏத்துன மருந்து நரம்பக் கெடுக்கும். நிறுத்துன பிறகும் சில மாசம் அது ஏறிக்கிட்டே போகும். உங்களுக்கு சுகர் வேற இருக்கு. மே மாசமே சொல்லியிருந்தீங்கனா அன்னிக்கே வண்டிய நிறுத்தச் சொல்லியிருப்பேன்."

"அப்ப நோய் திரும்ப வரலையா?"

டாக்டர் கணினித் திரையைப் பார்த்தார். "ரத்தத்துல நோயக் காட்டுற ஒரு அளவு போன தடவைய விடக் கொஞ்சம் கூட இருக்கு. அதுக்கும் காலுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நான் நினைக்கல. ஆனா ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம்."

ஸ்கேனுக்கும் முடிவுக்கும் சேர்த்து மூன்று வாரம். அந்த மூன்று வாரம் அந்த வீட்டு ஜன்னல் திரைகள் விலகவில்லை. இடித்த வேன் வாசலில் அப்படியே நின்றது, முன்பக்க விளக்கு ஒன்று தொங்கிக்கொண்டு. ஒரு நாள் மாலை மனம் கேட்காமல் நான் போனேன். அண்ணன் சமையலறையில் நின்று, அக்கா கொதிக்க வைத்த தண்ணீர்ப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நகருங்க."

"சும்மா நிக்கிறேன், பிரேமலா. கால விட்டுப் பாத்தா தெரியுமான்னு யோசிச்சேன்" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

நான் அடுப்பை அணைத்தேன். அவர் மேசையில் உட்கார்ந்து திவாஷினியின் உதடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். தையல் பிரித்தாகிவிட்டது என்றேன். அவர் அழுதார். அதுவரைக்கும் அவர் அழுது நான் பார்த்ததில்லை, ஆபரேஷனுக்குப் போன அன்றுகூட.

ஸ்கேனில் எதுவும் இல்லை. ரத்தத்தில் கூடியிருந்த அளவும் அடுத்த முறை பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. "இப்போதைக்கு சுத்தமா இருக்கு" என்று டாக்டர் சொன்னார். அண்ணனுக்கு அந்த 'இப்போதைக்கு' மட்டும்தான் காதில் விழுந்ததாம்.

கால் சரியாகுமா என்று கேட்டதற்கு, ஒரு வருடம் இரண்டு வருடத்தில் கொஞ்சம் திரும்பலாம், முழுக்கத் திரும்பாமலும் போகலாம் என்றார்கள். லைசென்சைத் தானாகவே ஒப்படைத்துவிட்டார். வேன் செல்வாவின் கைக்குப் போனது. வாசுகி தன் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிட்டாள். இன்று வரைக்கும் அவரைப் பார்த்தால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுகிறாள். அது அவள் நியாயம்.

இப்போது அண்ணன், செல்வா வேலை செய்கிற பஸ் கம்பெனி அலுவலகத்தில் டிரைவர்களுக்கு நேரம் பிரித்துக் கொடுக்கிறார். தினமும் சாயங்காலம் திடலைச் சுற்றி நாற்பது நிமிடம் நடக்கிறார், மருத்துவமனையில் அளவெடுத்துச் சொன்ன ஷூவோடு. காலை வேளையில் சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி. மாமாக் டீக்கடைக்குப் போனால் சீனி போடாத தே ஓ கோசோங்தான். குளித்த பிறகு அக்கா டார்ச் லைட்டோடு தரையில் உட்கார்ந்து அவர் இரண்டு பாதங்களையும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார், காயம் ஏதாவது இருக்கிறதா என்று. மறு வருடம் பிப்ரவரியில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். சின்னதாக ஒரு முளை இருந்தது. அங்கேயே எடுத்துவிட்டார்கள். கெட்டது இல்லை என்று பத்து நாள் கழித்துச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் அக்கா என் வீட்டில் வந்து உட்கார்ந்து எதுவும் பேசாமல் போவார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுக்கும் வாரம் வந்தால் அவர் வீட்டில் ரேடியோ பாடாது. நடை மட்டும் நிற்காது.

போன வாரம் திடலில் என்னோடு சேர்ந்து நடந்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓரிடத்தில் நின்று வலது காலைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார்.

"என்னாண்ணே?"

"கட்டை வெரல்ல ரெண்டு நாளா சுள்ளு சுள்ளுனு சுடுது. நரம்பு முழிச்சிக்கிச்சோ, இல்ல வேற எதாவதோ. தெரியல."

"டாக்டர்கிட்ட..."

"நேத்தே போன் பண்ணிச் சொல்லியாச்சு. வீட்ல மதிகிட்டயும் சொல்லியாச்சு. வெள்ளிக்கெழம வரச் சொல்லியிருக்காங்க."

மழைத்துளி விழ ஆரம்பித்தது. நான் ஓடலாம் என்றேன். தன்னால் ஓட முடியாது என்று சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார். நானும் கூடவே நடந்தேன்.